பிஎம் கிசான் ரூ.2,000 ஏன் நின்றது, எங்கே போய்ச் சரிசெய்வது? தமிழ்நாட்டு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள விவரங்கள் 2025 நவம்பர் நிலவரப்படி எழுதப்பட்டவை.

கேள்வி: ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? எந்தத் தேதியில் வரும்?

பிஎம் கிசான் என்பது நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு ரூ.6,000. மூன்று தவணை, ஒவ்வொன்றும் ரூ.2,000. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

நிலையான தேதி என்று எதுவும் இல்லை. 19வது தவணை 2025 பிப்ரவரி 24 அன்று வந்தது. 20வது தவணை ஏப்ரல்–ஜூலை காலத்துக்கு உரியது, ஆனால் ஆகஸ்ட் 2 அன்றுதான் விடுவிக்கப்பட்டது. 21வது தவணையைப் பிரதமர் கோயம்புத்தூரிலிருந்து நவம்பர் 19 அன்று விடுவித்தார். அறிவிப்பு வருவதற்கு முன்பே வங்கிக்கு நடையாய் நடப்பதில் பயன் இல்லை. அறிவித்து ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால்தான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

தொகையை ரூ.12,000 ஆக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. பரிந்துரை அரசாணை ஆகிவிடாது. தொகை ரூ.6,000 ஆகவே இருக்கிறது.

கேள்வி: நிலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூனில் அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டார்கள். 40 சென்ட் வைத்திருப்பவருக்கும் 20 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அதே ரூ.2,000தான். நிலம் சாகுபடிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு வீட்டில் எத்தனை பேர் வாங்கலாம்?

பெரும்பாலான குழப்பம் இங்குதான். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள், அவ்வளவுதான். ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா, ஒரே அடுப்பில் சமைக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

கணவன் பெயரில் 2 ஏக்கர், மனைவி பெயரில் 1 ஏக்கர் என்று தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவர்தான் வாங்க முடியும். அப்பா பெயரில் ஒரு பட்டா, 25 வயது மகன் பெயரில் இன்னொரு பட்டா இருந்தால் இருவரும் வாங்கலாம். திட்ட விதிப்படி அவர்கள் இரண்டு குடும்பங்கள். கணவரை இழந்த தாய் மகனோடு ஒரே வீட்டில் இருந்தாலும், தாய் பெயரில் பட்டா இருந்தால் அவரும் தனியாக விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கே மூன்று ஊர்களில் நிலம் இருந்தால் மூன்று முறை பதியக் கூடாது, ஒரே பதிவுதான்.

கணவன், மனைவி இருவரும் பணம் பெற்று வந்த கணக்குகளை 2025-ல் மத்திய வேளாண் அமைச்சகம் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, நேரடிச் சரிபார்ப்பு முடியும்வரை தவணையை நிறுத்தி வைத்தது. உங்கள் வீட்டில் இருவருக்கும் வந்துகொண்டிருந்தால், அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் ஒருவர் பதிவை நீங்களே விட்டுக்கொடுங்கள். இணையதளத்தில் 'தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்தல்' என்று தனி வழி இருக்கிறது.

கேள்வி: யாருக்குக் கிடையாது?

கணவன், மனைவி இருவரில் ஒருவர் கீழ்க்கண்ட வகையில் வந்தாலும் குடும்பத்துக்கே தகுதி போய்விடும்.

மத்திய, மாநில அரசு, பொதுத்துறை நிறுவனம், உள்ளாட்சி ஆகியவற்றின் நிரந்தர ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் (நான்காம் பிரிவு அல்லது 'டி' பிரிவு ஊழியர்களுக்கு இந்தத் தடை இல்லை), மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர்கள் (இதிலும் நான்காம் பிரிவினருக்கு விலக்கு உண்டு). கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள். பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்கர், கட்டடக் கலைஞர். இப்போதைய, முன்னாள் அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மாநகராட்சி மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர். நிறுவனங்கள் பெயரில் உள்ள நிலம்.

மனைவி அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் கணவர் முழுநேர விவசாயியாக இருந்தாலும் கிடையாது. ஆனால் 30 வயது மகன் அரசு வேலையில் இருக்கிறான் என்பதற்காக அப்பாவுக்கு நிறுத்த முடியாது. அந்த மகன் 'குடும்பம்' என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டான். ஊரில் யாராவது இதைச் சொல்லி உங்களைத் தடுத்தால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று: விதி 'வரி கட்டியவர்' என்றுதான் சொல்கிறது. வங்கிக் கடனுக்காகக் கணக்குத் தாக்கல் செய்து, வரி பூஜ்யம் என்று வந்திருந்தால் அது வரி கட்டியதாகாது. அந்தக் காரணத்தைக் காட்டி நிறுத்தியிருந்தால் தாக்கல் செய்த ஒப்புகைச் சீட்டோடு வட்டார வேளாண் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: குத்தகைக்கு எடுத்து உழுகிறேன். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. பட்டாவில் பெயர் இல்லாத யாருக்கும் இல்லை. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சாகுபடி செய்யும் டெல்டா குத்தகைதாரர்கள் அத்தனை பேரும் இதனால் வெளியே நிற்கிறார்கள். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயர் பதிவாகியிருந்தாலும் இந்தத் திட்டத்துக்கு அது உதவாது. சேற்றில் இறங்குபவருக்கு இல்லாமல், சென்னையில் இருக்கும் பட்டாதாரருக்குப் போகிறது என்பது இந்தத் திட்டத்தின் பெரிய குறை. இதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

குத்தகைதாரர்களுக்குத் திறந்திருக்கும் வழி பயிர்க் காப்பீடு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடி விவரச் சான்று) வாங்கிப் பிரீமியம் கட்டலாம். அங்கே பட்டாதாரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. நாங்கள்தான் உழுகிறோம்.

முதலில் பட்டா மாறுதல். அதைச் செய்யாமல் பதிவு செய்தால் நிராகரிக்கப்படும். வட்டாட்சியர் அலுவலகத்தில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கொண்டு எல்லா வாரிசுகள் பெயரையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலேயே மனு பதியலாம். பங்கு பிரித்து அளந்து தனிப் பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு மனு, அதற்கு நில அளவையர் வர வேண்டும், நாளாகும். உதவித்தொகைக்குக் கூட்டுப் பட்டாவே போதும். பட்டாவில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் உங்கள் பங்குக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். அதே பட்டாவில் இருக்கும் அண்ணன், தம்பி அவரவர் குடும்பத்துக்கு அவரவர் பதியலாம்.

நிலம் எப்போது உங்களுக்கு வந்தது என்பதும் முக்கியம். 2019 பிப்ரவரி 1 என்பது வெட்டுத் தேதி. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியோ தானமாகவோ வந்த நிலத்துக்குத் தகுதி இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு உரிமையாளர் இறந்து வாரிசு முறையில் வந்திருந்தால் உண்டு. அதனால் வாரிசு வழி வந்தவர்கள் இறப்புச் சான்றின் நகலைக் கட்டாயம் இணையுங்கள். 2025 சந்தேகப் பட்டியலில் வெட்டுத் தேதிக்குப் பின் உரிமை பெற்றவர்களும் அடக்கம். சரியான வாரிசுகள் அதில் மாட்டிக்கொண்டால் வெளியே வர உதவும் ஆவணம் அதுதான்.

கேள்வி: புதிதாகப் பதிவது எப்படி?

கையில் எடுத்து வைக்க வேண்டியவை: ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி (ஓடிபி அதற்குத்தான் வரும்), குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், அண்மையில் எடுத்த பட்டா. பட்டாவைத் தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்து எடுக்கலாம்.

பிஎம் கிசான் இணையதளத்தில் 'புதிய விவசாயி பதிவு' என்ற இடத்தில் ஊரக விவசாயி என்று தேர்ந்தெடுத்து, ஆதார் எண், கைபேசி எண், மாநிலம் கொடுத்தால் ஓடிபி வரும். பிறகு சொந்த விவரம், நில விவரம். புல எண், உட்பிரிவு எண், பரப்பு, உரிமை வந்த தேதி ஆகியவற்றை நிரப்பிப் பட்டாவைப் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும்.

அதிகம் தவறும் இடம் பரப்பு. படிவம் கேட்பது ஹெக்டேர், நாம் பேசுவது ஏக்கர். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் 1.5 என்று போட்டுவிடுகிறார். ஆவணத்தோடு ஒப்பிடும்போது பொருந்தாது. பட்டாவில் '0 – 60.50' என்றிருந்தால் 0 ஹெக்டேர் 60.50 ஏர் என்று பொருள். படிவத்தில் 0.605 என்று எழுத வேண்டும். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், ஆக இது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

பதிந்த பிறகு விண்ணப்பம் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஒப்புதல் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இது நெருக்கமாகப் பார்க்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு ரூ.110 கோடி வரை போனது தெரியவந்து, வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. அலுவலகக் கடவுச்சொற்களைத் தரகர்களும் கணினி மையங்களும் பயன்படுத்தியதுதான் அதன் வேர். அதன்பின் ஆவணம் பார்க்காமல் ஒப்புதல் தருவதில்லை. இணையத்தில் பதிந்ததும் நகல்களோடு உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரை நேரில் பார்த்துவிடுங்கள். பார்க்காத விண்ணப்பங்கள்தான் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

கேள்வி: விவசாயிகள் தனித்துவ அடையாள எண் என்கிறார்களே, அதுவும் வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். 11 இலக்க எண். ஆதார், பட்டா, ஆதாரோடு இணைந்த கைபேசி மூன்றையும் கொண்டு வேளாண் அலுவலகம் நடத்தும் முகாமிலோ பொது சேவை மையத்திலோ பதியலாம். எல்லாப் புல எண்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு, மீதி நிலம் விடுபட்டுப் போகிறது.

கேள்வி: வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. எங்கே தொடங்குவது?

வங்கியில் அல்ல, இணையதளத்தில். 'உங்கள் நிலையை அறிக' பக்கத்தில் பதிவு எண்ணைப் போடுங்கள். எண் மறந்திருந்தால் அதே பக்கத்தில் கைபேசி எண் அல்லது ஆதார் கொடுத்து எடுக்கலாம். தமிழ்நாட்டுப் பதிவு எண்கள் 'டிஎன்' என்று தொடங்கும்.

திரையில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: லேண்ட் சீடிங் (நில இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கிக் கணக்கு இணைப்பு. மூன்றுக்கும் நேரே 'எஸ்' என்று பச்சையில் இருக்க வேண்டும். எது 'நோ' என்று இருக்கிறதோ அதற்கேற்ற அலுவலகத்துக்கு மட்டும் போனால் போதும். 12வது தவணையிலிருந்து நில இணைப்பும், 13வதிலிருந்து ஆதார் வழிப் பட்டுவாடாவும், 15வதிலிருந்து இ-கேஒய்சியும் கட்டாயமாகின. 2022 வரை ஒழுங்காக வந்து பிறகு நின்றுபோனவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் சிக்கியிருப்பார்கள்.

கேள்வி: லேண்ட் சீடிங் 'நோ' என்றால்?

நில விவரம் உங்கள் பதிவோடு இணையவில்லை என்று பொருள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பட்டா, ஆதார், நிலைப் பக்கத்தின் அச்சு ஆகிய மூன்றையும் கொடுங்கள். வங்கியோ இ-சேவை மையமோ இதைச் சரிசெய்ய முடியாது, எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இணையாததற்குப் பொதுவான காரணங்கள்: பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருப்பது, உட்பிரிவு ஆன பிறகு பழைய புல எண்ணே பதிவில் இருப்பது, பெயர் பொருந்தாமை. மூன்றாவது நம் ஊருக்கே உரிய சிக்கல். பட்டாவில் 'மு. செல்வராசு', ஆதாரில் 'செல்வராஜ் முருகேசன்'. இருவரும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாது. பிஎம் கிசான் பதிவில் உள்ள பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்ற இணையதளத்தில் வழி உண்டு. பட்டாவில் எழுத்துப் பிழை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். தந்தை பெயர் இரண்டிலும் ஒத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இ-கேஒய்சி எப்படி முடிப்பது? விரல் ரேகை விழவே மாட்டேன் என்கிறது.

மூன்று வழி. ஆதாரோடு கைபேசி இணைந்திருந்தால் இணையதளத்திலேயே ஓடிபி போட்டு இரண்டு நிமிடத்தில் முடியும். கைபேசி இணையாதவர்கள் பொது சேவை மையத்தில் விரல் ரேகை வைக்கலாம், சிறு கட்டணம் உண்டு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களுக்கும் முதியவர்களுக்கும் மூன்றாவது வழி: 2023 ஜூனில் வந்த முக அடையாளச் சரிபார்ப்பு. பிஎம் கிசான் செயலியையும் ஆதார் முக அடையாளச் செயலியையும் ஒரு ஸ்மார்ட்போனில் நிறுவி, முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டினால் போதும், ஓடிபியோ ரேகையோ வேண்டாம். போன் விவசாயியுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தன் செயலியிலிருந்து அக்கம்பக்கத்து விவசாயிகள் 100 பேர் வரை முடித்துக் கொடுக்கலாம். தெருவில் ஒரு கல்லூரிப் பிள்ளை முன்வந்தால் ஒரே மாலையில் அந்தத் தெருவே முடிந்துவிடும். முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்கட்டும், வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தோற்கும்.

கைபேசி எண்ணை ஆதாரில் மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போகலாம்.

கேள்வி: வங்கிக் கணக்கில் ஆதார் கொடுத்துவிட்டேன். ஆனாலும் 'இணைக்கப்படவில்லை' என்கிறது.

கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, நேரடி மானியத்துக்காக (டிபிடி) ஆதாரை இணைத்தது வேறு. இரண்டாவதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வங்கி அதை என்பிசிஐ (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பதிவேட்டில் ஏற்றும். கிளையில் 'ஆதார் லிங்க் பண்ணுங்க' என்று கேட்காமல் 'என்பிசிஐ-யில், டிபிடிக்காக இணையுங்கள்' என்று சொல்லுங்கள். ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த வங்கியில், எந்தத் தேதியில் இணைந்தது, இப்போது இயங்குகிறதா என்று காட்டும்.

ஒரு ஆதாருக்கு அந்தப் பதிவேட்டில் ஒரே வங்கிதான் இருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். 'பணம் வரவில்லை' என்று அலைபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், நூறு நாள் வேலைக்காகவோ நகைக்கடனுக்காகவோ திறந்து மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்கில் கிடக்கும். பிஎம் கிசான் பதிவில் எந்தக் கணக்கு எண் இருக்கிறது என்பது இதில் பொருட்டே இல்லை. முதலில் வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்புத்தகத்தையும் வரவு அச்சிட்டுப் பாருங்கள்.

வங்கியில் இழுத்தடித்தால் அஞ்சலகத்துக்குப் போங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்கில் ஆதாரும் கைபேசியும் கொண்டு கணக்குத் திறந்து அங்கேயே இணைத்துக்கொள்ளலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்தும் செய்து தருவார்.

கேள்வி: 'ஆர்எஃப்டி கையெழுத்தானது', 'எஃப்டிஓ உருவானது, பணம் உறுதியாக வேண்டியுள்ளது' என்று வருகிறதே?

முதலாவது, உங்களுக்குப் பணம் தரலாம் என்று மாநிலம் கோரிக்கை அனுப்பிவிட்டது என்பது. இரண்டாவது, பணப் பரிமாற்ற ஆணை தயார், தவணை விடுவிக்கும் நாளில் வரும் என்பது. இரண்டுமே நல்ல செய்திதான், எங்கும் போக வேண்டாம். விடுவித்த பிறகும் அப்படியே நின்றால் கணக்கு முடங்கியிருக்கலாம். நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்குக்கு வங்கியில் மறுபடி கேஒய்சி கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும்.

கேள்வி: விட்டுப்போன தவணைகள் சேர்ந்து வருமா?

வரும். தகுதி இருந்து, இணைப்பு, கேஒய்சி போன்ற காரணத்தால் நின்றிருந்தால், சரிசெய்த பின் நிலுவைத் தவணைகளும் சேர்த்தே வர வேண்டும் என்பதுதான் விதி. புதிதாகப் பதிந்தவர்களுக்கு, பெயர் பதிவேறிய நான்கு மாதக் காலத்திலிருந்துதான் கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கிடையாது.

கேள்வி: பயனாளி இறந்துவிட்டால்?

வேளாண் அலுவலகத்தில் சொல்லி நிறுத்துங்கள். அவர் கணக்கில் தொடர்ந்து வரும் பணத்தை எடுத்தால் பிற்பாடு திருப்பிக் கேட்பார்கள். பட்டா வாரிசு பெயருக்கு மாறியதும் தகுதியுள்ள வாரிசு புதிதாகப் பதியலாம். மனைவி பெயரில் பட்டா மாற்றுவதைப் பிள்ளைகள் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஆண்டுக்கு ரூ.6,000 என்பது மருந்துச் செலவு.

கேள்வி: தகுதி இல்லை என்று தெரிந்தது. வாங்கிய பணத்தை என்ன செய்வது?

திருப்பிக் கட்ட வேண்டும். இணையதளத்தில் 'ஆன்லைன் ரீஃபண்ட்' பகுதியில் பதிவு எண் கொடுத்தால் எந்தெந்தத் தவணை என்று காட்டும், அங்கேயே செலுத்தலாம். ரசீதின் ஒரு நகலை வேளாண் அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்காதீர்கள், அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்தாலும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் செயலி என்று ஒரு இணைப்பு வந்திருக்கிறது.

தொடாதீர்கள். ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோருக்கு வெளியே அனுப்பப்படும் செயலிக் கோப்பு) வரும் எதுவும் மோசடி. நிறுவியதும் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடி, கணக்கில் உள்ளதையெல்லாம் வழித்துவிடும். செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். இணைய முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா பாருங்கள். ஏற்கனவே நிறுவிவிட்டால் இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை. யாரிடம் முறையிடுவது?

உதவி எண் 155261, கட்டணமில்லா எண் 1800-115-526. இணையதளத்திலும் குறை பதியலாம். ஆனால் நில இணைப்புச் சிக்கல் கடைசியில் உங்கள் வட்டாரத்துக்கேதான் திரும்பி வரும். அதனால் மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால், அந்த ஒப்புகையோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்திலோ கொடுங்கள். இரண்டாவது மேல். வேளாண்மை இணை இயக்குநரும் வருவாய்த் துறையினரும் ஒரே அறையில் இருப்பார்கள், பட்டா அவர் வேலை, பதிவு இவர் வேலை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஊரில் இதே சிக்கல் பத்துப் பேருக்கு இருந்தால், பெயர், பதிவு எண், புல எண், எந்த வரி 'நோ' என்று நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒரு பட்டியல் எழுதிச் சேர்ந்து கொடுங்கள்.